ஊற்றும் செறிப்பும்: ஒழுகும் படகு என்னும் உவமை பற்றி

வினை என்னும் சொல்லை இந்தியச் சமயங்கள் அனைத்தும் ஆள்கின்றன என்றாலும், அச்சொல்லால் அவை குறிக்கும் பொருள் ஒன்றன்று. செயலையோ, செயல் விட்டுச்செல்லும் பதிவையோ, அதன் பயனையோ வினை என்று பிற சமயங்கள் கொள்ள, சமணம் அவற்றோடு நில்லாமல், உயிரின்மேல் வந்து படிந்து அதனோடு பிணையும் நுண்ணிய சடப்பொருளையும் வினை என்கிறது. அச்சடப்பொருளுக்குச் சமண நூல்கள் இட்ட பெயர் புற்கலம். வினை ஒரு பொருளாகிவிட்டால், அது எவ்வழியாக உள்ளே வருகிறது, அவ்வழியை எப்படி அடைப்பது, முன்பே வந்து தங்கிவிட்டதை எப்படி வெளியேற்றுவது என்னும் மூன்று கேள்விகளைத் தவிர்க்க இயலாது. ஒழுகும் கூரையின் கீழ் நிற்கும் கொத்தனும் இவற்றையே கேட்பான். வடமொழிச் சமண நூல்கள் இம்மூன்றையும் முறையே ஆஸ்ரவம், சம்வரம், நிர்ஜரை என்று வழங்க, தமிழ்ச் சமணர் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று வழங்கினர். உயிர், உயிரல்லது, நல்வினை, தீவினை என்று தொடங்கிக் கட்டு, வீடு என்பவற்றில் முடியும் ஒன்பது பொருள்களின் வரிசையில் இவை நடுவே நிற்கின்றன. உள்ளே ஊறி வருவது ஊற்று. வழியின்றி இறுக அடைவது செறிப்பு. பழுத்த இலைபோல் கழன்று விழுவது உதிர்ப்பு.

இக்கோட்பாட்டை விளக்கச் சமண ஆசிரியர்கள் எடுத்தாண்ட உவமைகளுள் ஒழுகும் படகு குறிப்பிடத்தக்கது. சமணத்தின் இரு பிரிவினருள் சுவேதாம்பரர் போற்றும் உத்தராத்தியயன சூத்திரத்தின் 23ஆம் இயலில், பார்சுவநாதர் மரபில் வந்த கேசியும் மகாவீரரின் மாணவரான கௌதமரும் சிராவத்தி நகரில் சந்தித்து உரையாடுகின்றனர். அங்கே, நீர் புகும் படகு அக்கரை சேராது என்றும் நீர் புகாததே சேரும் என்றும் கூறும் கௌதமர், உடலைப் படகாகவும் உயிரைப் படகோட்டியாகவும் பிறவித் தொடரைக் கடலாகவும் விளக்குகிறார். மற்றொரு பிரிவினரான திகம்பரர் அந்த ஆகமத்தை ஏற்பதில்லை. ஆயினும் இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரத்துக்குத் திகம்பர ஆசிரியர் பூஜ்யபாதர் வரைந்த சர்வார்த்தசித்தி என்னும் உரையிலும், செறிப்பைப் பற்றி எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில் அதே படகு வருகிறது; துளையை அடைக்காத படகில் நீர் சிறிது சிறிதாக ஏறி அதில் உள்ளோர் அழிவது உறுதி, அடைத்தால் விரும்பிய நாட்டை இடையூறின்றி அடையலாம் என்பது அங்குள்ள கருத்து.

இவ்விரண்டு இடங்களிலும் துளை எங்கே இருக்கிறது என்பது தெரிந்த செய்தியாகவும், அதை அடைப்பது ஒரே முறையில் முடியும் செயலாகவும் கொள்ளப்படுகின்றன. பழைய படகின் ஒழுக்கை உண்மையில் செப்பனிடுவோர் அறிந்ததோ வேறு. துளையைக் கண்டறிவதே பாதி வேலை என்பதும், அடைப்பதற்கு முன் திறந்தாக வேண்டும் என்பதும் அவர்களது பட்டறிவு. அப்பட்டறிவைத் துணையாகக் கொண்டு உவமையை மீண்டும் வாசித்தால், தீமையை நிறுத்துவது என்றால் என்ன என்னும் கேள்விக்குச் சமணம் தந்த விடை, உவமை காட்டும் அளவைவிட நுட்பமானது என்பது புலப்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மேல்தளத்தின் அமைப்பு

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் படகு, பலகைகளை இணைத்துக் கட்டிய மரத்தோணி அன்று; கண்ணாடியிழையால் வார்த்த பாய்மரப் படகு. மரத்தோணியில் பலகை இடுக்குகள் வழியே நீர் புகும் என்பதும், அவ்விடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்கும் கலப்பத்து வேலையைக் காலந்தோறும் செய்தாக வேண்டும் என்பதும் அதைக் கட்டும்போதே தெரிந்தவை. கண்ணாடியிழைப் படகோ இடுக்கே அற்றது என்னும் பெருமையோடு சந்தைக்கு வந்தது. 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான டிரைட்டன் என்னும் படகு அவ்வகைக்குத் தக்க சான்றாகும். கார்ல் ஆல்பெர்க் வடிவமைக்க, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பியர்சன் குடும்பத்தைச் சேர்ந்த கிளிண்டன், எவரெட் என்னும் இருவர் நிறுவிய பட்டறை கட்டிய இப்படகு, 28 அடிக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. 1960களின் இறுதிக்குள் 700க்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. அத்தலைமுறைப் படகுகளின் அடியுடல், தடித்த கண்ணாடியிழையால் ஆனதால், அறுபது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலும் உறுதி குலையாமல் இருக்கிறது. நலிந்தது கடலைத் தொடும் அடியுடல் அன்று, வானத்தைப் பார்க்கும் மேல்தளம்.

அக்கால மேல்தளம் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே ஒரு கண்ணாடியிழைத் தோலும் கீழே மற்றொன்றும் இருக்க, இரண்டுக்கும் நடுவே எடை குறைந்த பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ பதிக்கப்பட்டிருக்கும். நடுவடுக்கு இரு தோல்களையும் விலக்கி நிறுத்துவதால், அதே எடையுள்ள ஒற்றைத் தகட்டைக் காட்டிலும் இவ்வமைப்பு பன்மடங்கு விறைப்பாக நிற்கும். பால்சாவைச் சிறு கட்டைகளாக அறுத்து, அதன் நார்கள் தோலுக்குச் செங்குத்தாக அமையுமாறு பதிப்பது வழக்கம். அதனால் அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் மிகுவதோடு, நீர் புகுந்தாலும் பக்கவாட்டில் விரைந்து பரவாது.

ஆனால் எந்தப் படகும் வெறுந்தளத்தோடு கடலுக்குச் செல்வதில்லை. ஓரத்துக் காப்புக் கம்பியைத் தாங்கும் கால்கள், கயிறு சுற்றும் கொம்புகள், பாய்க்கயிற்றை இறுக்கும் உருளைகள், மேல்மூடிகள், சாளரங்கள், பாய்மரம் சாயாதபடி இருபுறமும் இழுத்து நிறுத்தும் கம்பிவடங்களைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகள் என ஒவ்வொன்றுக்கும் தளம் துளைக்கப்படுகிறது. துளையில் போல்ட்டைச் செலுத்தி, அடியில் அடைப்புப் பசை பூசி முடுக்கிவிட்டால் நீர் புகாது என்பது கட்டியவர்களின் கணக்கு. ஆனால் படகில் ஏறுவோர் காப்புக் கம்பியைப் பற்றி இழுக்கும் ஒவ்வொரு முறையும், உயரமான கால் ஒரு நெம்புகோலாக மாறி, அடித்தட்டை மயிரிழையளவு தூக்குகிறது. வெயிலில் உலோகமும் கண்ணாடியிழையும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. பசை முதிர்ந்து நெகிழ்ச்சி இழக்கிறது. ஒருநாள் அது ஒரு பக்கம் பிடிவிட, மயிரிழை இடைவெளியில் ஒரு துளி நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு, போல்ட்டின் மரைவழியே இறங்கிப் பால்சாவைத் தொடுகிறது.

பற்றும் துளையும்

நீர் நுழையும் துளைகளுள் ஒன்றைக்கூடக் கடல் போட்டதில்லை என்பது இங்கு முதலில் கருதத்தக்கது. அலை அறைந்தோ பாறை மோதியோ மேல்தளம் ஒழுகத் தொடங்குவது அரிது. ஒழுகுபவை யாவும், ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டி மனிதர் தம் கையால் துளைத்தவை. கையால் பிடிப்பதையும் மனத்தால் பிணைவதையும் பற்று என்னும் ஒரே சொல்லால் தமிழ் குறிப்பது இவ்விடத்தில் பொருந்தி அமைகிறது. தத்துவார்த்த சூத்திரம் ஊற்றுக்குத் தரும் இலக்கணமும் இதனோடு ஒத்தது. உடல், சொல், மனம் ஆகியவற்றின் இயக்கத்தை யோகம் என்று அது பெயரிட்டு, அவ்வியக்கமே ஊற்று என்கிறது. பொதுவழக்கில் தவப்பயிற்சியைக் குறிக்கும் யோகம் என்னும் சொல் இங்கு அப்பொருளில் வரவில்லை, உயிரின் பகுதிகளில் உண்டாகும் அசைவு என்றே உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். துளை இருப்பதனால் மட்டும் தளம் ஒழுகிவிடுவதில்லை. சுமை தாங்காத போல்ட் பல ஆண்டுகள் நீர்ப்பிடிப்போடு இருக்க, சுமை ஏறி இறங்கி அசையும் போல்ட்டே முதலில் பிடிவிடுகிறது என்னும் செப்பனிடுவோர் அனுபவம், அசைவே ஊற்று என்னும் இலக்கணத்துக்கு எதிர்பாராத விளக்கமாக அமைகிறது.

கட்டுக்குக் காரணமாக அந்நூல் வேறோரிடத்தில் ஐந்தைக் கூறுகிறது: பொய்யான நோக்கு, விரதமின்மை, பிரமாதம் எனப்படும் விழிப்பின்மை, கஷாயம், யோகம். கஷாயம் என்பது சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கின் தொகுப்புப் பெயர். சாயத்தையும் பிசினையும் போல் ஒட்டவைக்கும் தன்மையுடையது என்று அச்சொல்லுக்கு விளக்கம் தரப்படுகிறது. கஷாயம் உடையோரிடம் வரும் வினை தங்கிப் பிணைகிறது; கஷாயம் நீங்கியோரிடம் வரும் வினை, உலர்ந்த சுவரில் எறிந்த தூசிபோல் தொட்ட மாத்திரத்தில் விலகிவிடுகிறது. முன்னதைச் சாம்பராயிகம் என்றும் பின்னதை ஈர்யாபதம் என்றும் நூல்கள் பிரிக்கின்றன. மேல்தளத்திலும் இவ்விரண்டும் உண்டு. நடுவடுக்கு இல்லாமல் கண்ணாடியிழை மட்டுமே தடித்து நிற்கும் பகுதியில் ஒரு போல்ட் ஒழுகினால், நீர் கீழே சொட்டித் தீர்ந்துவிடும். அதே போல்ட் பால்சாவின் ஊடே சென்றால், நீர் அங்கே தங்கி ஊறி, மரத்தைக் கரும்பழுப்புக் கூழாக்கும். நுழைந்த துளி ஒன்றேயாயினும் அதை ஏற்கும் உள்ளீட்டின் தன்மையே கேட்டை முடிவு செய்கிறது. தீமை வெளியிலிருந்து வந்து தாக்குவது என்னும் எளிய எண்ணத்தைச் சமணம் மறுப்பது இந்த இடத்தில்தான். மழையைப் பகையாகக் கருதிய எவரும் படகைச் செப்பனிட்டதில்லை.

சொட்டும் இடமும் நுழையும் இடமும்

மேல்தள ஒழுக்கின் இரண்டாவது இயல்பு, நீர் வெளிப்படும் இடம் அது நுழைந்த இடத்தை அரிதாகவே காட்டும் என்பதாகும். பாய்மரத்தின் அருகே துளை வழியே இறங்கிய நீர், நடுவடுக்கின் இடைவெளிகளிலும், அறையின் உட்புறத்தை மறைக்கும் கண்ணாடியிழை உள்தட்டியின் மேலும் ஓடி, படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் சென்று, பல அடி தள்ளிப் படுக்கையின்மேல் சொட்டலாம்; மழை ஓய்ந்து பல நாள் கழித்தும் சொட்டலாம். படுக்கைக்கு நேர் மேலே உள்ள சாளரத்தைக் குற்றஞ்சாட்டி, அதைச் சுற்றிப் பசையைப் பூசி, அடுத்த மழையிலும் அதே இடத்தில் நனைவது புதிதாகப் படகு வாங்கியோர் பெரும்பாலும் கடந்துவரும் பாடமாகும்.

வினைக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள இத்தகைய விலக்கத்தைச் சமணர் மிக விரிவாக ஆராய்ந்தனர். வினை வந்து பிணைந்த கணத்துக்கும் அது பயன் தரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே அது செயலற்றுக் கிடக்கும் காலத்தை அவர்கள் அபாதாகாலம் என்று பெயரிட்டு, வினையின் வகைக்கும் வலிமைக்கும் ஏற்ப அதன் அளவையும் கணக்கிட முயன்றனர். துன்பம் தோன்றும் இடத்திலும் நேரத்திலும் அருகே நிற்பவரைக் காரணமாகக் கொள்வது இயல்பு. அண்டை வீட்டார், உறவினர், ஆட்சியாளர், கோள்கள் என்று அக்குற்றச்சாட்டு பெரும்பாலும் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருப்பதன்மீதே விழுகிறது. அபாதாகாலம் என்னும் கருத்து அந்த இயல்பைத் தடுத்து நிறுத்தி, காரணத்தைத் தேடும் கண்ணை வேறிடத்துக்குத் திருப்புகிறது.

தேடும் முறையும் நோக்கத்தக்கது. செப்பனிடுவோர் முதலில் உள்தட்டியைக் கழற்றுகின்றனர். மறைத்து நிற்பதை அகற்றாமல் எந்த முடிவுக்கும் வருவதில்லை. பின்னர் ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்க, மற்றொருவர் தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் குழாய் நீரைப் பாய்ச்சத் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, சிறிது சிறிதாக மேலே செல்கிறார். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லாத் துளைகளையும் ஒருசேர நனைத்துக் குழப்பிவிடும். அறையின் திறப்புகளை எல்லாம் மூடி, காற்றூதியால் உள்ளழுத்தத்தைச் சற்றே கூட்டி, வெளியே சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி எழும் இடத்தைக் குறிப்பது மற்றொரு முறை. தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்கையில் கணீரென்று ஒலிக்கும் இடம் உலர்ந்தது என்றும், மந்தமாக ஒலிக்கும் இடம் நனைந்தோ தோலிலிருந்து பிரிந்தோ உள்ளது என்றும் கொள்வர். காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் இப்பொறுமை, பன்னிரு சிந்தனைகள் என்று சமணர் வகுத்த தியானப் பட்டியலில் ஊற்றைப் பற்றிய சிந்தனை ஏழாவதாகவும் செறிப்பைப் பற்றியது எட்டாவதாகவும் வருவதன் பொருளைத் தெளிவாக்குகிறது. எவ்வழியே புகுகிறது என்று தனியே அமர்ந்து எண்ணிப் பார்க்காதவன், எதை அடைப்பது என்று அறிய வழியில்லை.

நன்னீர் செய்யும் கேடு

மூன்றாவது செய்தி வியப்புக்குரியது. படகின் மரத்தை உளுக்கச் செய்வது பெரும்பாலும் கடலின் உப்புநீர் அன்று, வானிலிருந்து பெய்யும் நன்னீர். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை உப்பில் எளிதில் வளர்வதில்லை. பழைய மரக்கப்பல்களின் விலா மரங்களுக்கு இடையே கப்பல் கட்டுவோர் கல்லுப்பைக் கொட்டி நிரப்பியது அதனாலேயே. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுப்பதில்லை. மழைநீர் அந்த எல்லையைக் கடக்கச் செய்தபின், காற்றும் வெப்பமும் எஞ்சிய வேலையை முடிக்கின்றன. ஆகவே கடலில் அலைந்த நாட்களைவிட, துறையில் பாதுகாப்பாகக் கட்டிக் கிடந்த மழைக்காலங்களே பல படகுகளை அழித்தன.

நல்வினையும் ஊற்றே என்னும் சமணக் கொள்கையை, இனிய நீரும் கெடுக்கும் என்னும் இவ்வுண்மையின் அருகே வைத்து நோக்கலாம். நல்லியக்கம் நல்வினைக்கும் தீயியக்கம் தீவினைக்கும் ஊற்றாகும் என்று தத்துவார்த்த சூத்திரம் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைக்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தவமிருந்தவர் என்று தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்தர், சமயசாரம் என்னும் தம் நூலில், பொன் விலங்கும் இரும்பு விலங்கைப் போலவே பிணிக்கும் என்னும் ஒப்புமையால் இதை விளக்கினார். இதனை அறச்செயல் வேண்டாம் என்னும் போதனையாகக் கொள்வது பிழை. இல்லறத்தார்க்குக் கொடையையும் இரக்கத்தையும் சமணம் வற்புறுத்தியதற்கு அதன் இலக்கியங்கள் முழுதும் சான்று. அறம் செய்தவன் அச்செயலால் தனக்கு வரும் பெருமையையும் இன்பத்தையும் உள்ளே தேக்கி வைத்துக்கொள்வதே இங்கு எச்சரிக்கப்படுகிறது. தீமையின் உப்பு கரிக்கிறது, ஆதலால் எவரும் அதை உணர்ந்துகொள்வர்; நன்மையின் நீர் சுவையுடையது, ஆதலால் அது தேங்குவது ஐயத்தை எழுப்புவதில்லை.

பூசுதலும் திறத்தலும்

ஒழுக்கைக் கண்டவுடன் கடையிலிருந்து ஒரு குழாய் சிலிக்கோன் பசையை வாங்கி, ஒழுகும் பொருத்தின் ஓரத்தைச் சுற்றிப் பிதுக்கி, விரலால் தடவிவிடுவதே எவரும் முதலில் செய்வது. இது சில மாதங்கள் பயன் தருவதுபோல் தோன்றும். ஆனால் அப்பூச்சு, பொருத்தின் அடியிலுள்ள பழைய பசையின் பிரிவைத் தொடுவதில்லை. அத்துடன், நடுவடுக்கில் முன்பே புகுந்த ஈரம் வெளியேற இருந்த வழியையும் அது மூடிவிடுகிறது. ஈரத்தை உள்ளே வைத்து மூடிய தளம், திறந்து கிடந்த தளத்தைக் காட்டிலும் விரைவாகக் கெடுவதுண்டு. துருவேறா எஃகிலும் இதே விளைவு காணப்படுகிறது: அவ்வெஃகைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய ஏடு; ஈரமான, காற்றுப் புகாத இடுக்கில் அவ்வேடு புதுப்பிக்கப்படாமல் அழிய, கம்பிவடத்தைத் தாங்கும் பட்டை வெளியே பளபளக்க, தளத்துக்குள் மறைந்த பகுதியில் அரிக்கப்பட்டு, ஒருநாள் காற்று மிகும்போது முறிந்து பாய்மரத்தையே சாய்த்துவிடும்.

முறையான செப்பம் வேறு விதமாகத் தொடங்குகிறது. காப்புக் கம்பியின் காலை எடுத்துக்கொண்டால், முதலில் உள்ளிருந்து நட்டுகளைத் தளர்த்திக் காலை முழுவதுமாகக் கழற்றி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி எரிசாராயத்தால் துடைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இருந்த துளையை 12 மில்லிமீட்டருக்குப் பெருக்கிய பின், வளைத்த ஆணி ஒன்றைத் துளைப்பானில் பொருத்தித் துளைக்குள் விட்டுச் சுழற்றினால், அது இரு தோல்களையும் தொடாமல் நடுவிலுள்ள பால்சாவை மட்டும் சுற்றிலும் அரித்துத் தள்ளும். வெளிவரும் துகள் வெளிர்மஞ்சளாகவும் உலர்ந்தும் இருந்தால் கேடு இல்லை. ஊறவைத்த புகையிலைபோல் கறுத்து ஈரமாக வந்தால், உலர்ந்த மரம் தென்படும்வரை தோண்டிச் செல்ல வேண்டும். ஈரம் நெடுந்தொலைவு பரவியிருந்தால் மேல்தோலையே அறுத்தெடுத்து, உளுத்ததை நீக்கிப் புதிய நடுவடுக்கைப் பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உலர்ந்தபின் அடியில் ஒட்டுப்பட்டை இட்டு, மரத்தின் நுனிகள் உறிஞ்சிக்கொள்ளுமாறு முதலில் நீர்த்த எப்பாக்சியையும், பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியையும் நிரப்ப வேண்டும். அது இறுகியதும் அதன் நடுவே போல்ட்டுக்கு உரிய அளவில் புதிய துளையிட்டு, துளையின் வாயைச் சற்றே சாய்வாகச் செதுக்கி, பியூட்டைல் பட்டையைப் போல்ட்டின் கழுத்தில் சுற்றி வைத்து, போல்ட்டைத் திருப்பாமல் நட்டை மட்டும் முடுக்கி, அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் சிறிது சிறிதாக இறுக்குவர். இனி ஒருகால் பசை பிடிவிட்டாலும், நீர் எப்பாக்சிக் குழலின் வழியே கீழே சொட்டுமே தவிர, மரத்தைத் தொடாது.

இந்த வரிசையில் செறிப்பும் உதிர்ப்பும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காணலாம். வரவைத் தடுக்காமல் உலர்த்தினால் அடுத்த மழை அதை வீணாக்கும். உலர்த்தாமல் தடுத்தால் உள்ளிருப்பது அழுகும். தவத்தால் உதிர்ப்பும் நிகழும் செறிப்பும் நிகழும் என்று தத்துவார்த்த சூத்திரம் இரண்டையும் ஒரே செயலில் இணைப்பது இதனால்தான். மேலும், அகத்தவங்கள் ஆறனுள் முதலாவதாகப் பிராயச்சித்தத்தையும், அதன் வகைகளுள் முதலாவதாக ஆலோசனையையும் அந்நூல் வைக்கிறது. ஆலோசனை என்றால் இங்கு அறிவுரை அன்று, செய்த பிழையை மறைக்காமல் ஆசிரியர்முன் எடுத்துரைத்தல். விரதம் பூண்டவன் சல்லியம் இல்லாதவனாக இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. சல்லியம் என்பது உடலுக்குள் முறிந்து தங்கிய முள். வஞ்சகம், பொய்க்காட்சி, பயன் கருதும் வேட்கை ஆகிய முட்கள் உள்ளே இருக்க, மேலே விரதத்தைப் போர்த்திக்கொள்வது விரதமாகாது. புறத்தே பூசிய ஒழுக்கத்துக்கும் உள்ளே திறந்து உலர்த்திய ஒழுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

தொடக்கமும் பொறுப்பும்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பழைய படகை வாங்கியவன் அத்துளைகளைப் போட்டவன் அல்லன். நடுவடுக்கைப் பாதுகாக்காமல் பால்சாவின் ஊடே நேராகத் துளையிட்டது அக்காலப் பட்டறைகளின் பொதுவழக்கம். பின்னர் வந்த உரிமையாளர் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்காக மேலும் சில துளைகளைச் சேர்த்தனர். அவ்வாறாயின் இன்று சொட்டும் நீருக்கு யார் பொறுப்பு? உயிருக்கும் வினைக்கும் உள்ள கட்டு எப்போது தொடங்கியது என்னும் வினாவும் இதே வடிவுடையது. அது அநாதி, அதாவது தொடக்கம் காட்ட முடியாதது என்று சமணம் விடை கூறுகிறது. தூய்மையாக இருந்த உயிர் ஒருநாள் திடீரென மாசடைந்தது என்று கொண்டால், வீடுபெற்ற உயிரும் மீண்டும் மாசடையலாம் என்னும் முடிவுக்கு வர நேரும். சைவ சித்தாந்தமும் ஆணவ மலத்தை அநாதி என்றே கொண்டு, செம்பில் களிம்பு என்னும் உவமையால் விளக்குகிறது. எனினும் களிம்பு நீங்க இறைவனின் அருள் இன்றியமையாதது என்று அது கூற, படைத்துக் காக்கும் இறைவனை ஏற்காத சமணம், தீர்த்தங்கரர் வழியைக் காட்டுவாரே அன்றி அடைக்க வேண்டியவர் படகில் இருப்பவரே என்கிறது. தொடக்கம் இல்லாத கட்டு முடிவும் இல்லாதது ஆக வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் நம்பிக்கை. துளைத்தவன் யார் என்னும் வழக்கு தீராமல் நீண்டாலும், நனைவது இன்று உள்ளே படுத்திருப்பவனே. ஆகவே அடைக்கும் கடமையும் அவனுடையது.

மற்றொரு தடை, பற்றுகள் யாவும் துளைகளே ஆயின் அவை அனைத்தையும் கழற்றி எறிந்துவிடலாகாதா என்பது. கம்பிவடப் பட்டைகளைக் கழற்றிய படகில் பாய்மரம் நிற்காது. காப்புக் கம்பியைக் கழற்றினால் தளத்தில் நடப்போர் கடலில் விழுவர். துறவியின் ஐந்து பெருவிரதங்களுக்கும் இல்லறத்தானின் ஐந்து அணுவிரதங்களுக்கும் சமணம் வேறுபாடு வகுத்தது இந்தத் தேவையை உணர்ந்தே. இல்லறத்தான் பொருளைத் துறப்பதில்லை, அதற்கு எல்லை வகுத்துக்கொள்கிறான். பொருத்துகளைக் குறைத்து, எஞ்சியவற்றின் அடியை உலர்த்தி, ஒவ்வொன்றையும் தெரிந்து பதிக்கிறான். நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருளை எடுத்து வைத்தல், கழிவை நீக்கல் ஆகிய ஐந்திலும் விழிப்போடு இருப்பதைச் சமிதி என்று பெயரிட்டுச் செறிப்பின் வழிகளுள் சேர்த்ததும் இதே நோக்கில்தான். செயலை அறவே விடுதலும் விழிப்போடு செய்தலும் செறிப்புக்கு வழிகளாக அங்கே அருகருகே நிற்கின்றன.

உவமையின் எல்லை

எந்த உவமையும் ஓர் எல்லையில் நின்றுவிடும். செப்பனிட்ட படகு மீண்டும் பயணம் செய்வதற்காகவே செப்பனிடப்படுகிறது; உயிரோ பயணம் முடிந்து நிற்பதற்காகச் செறிக்கப்படுகிறது. படகில் பொருத்துகள் இருக்கும்வரை துளைகள் இருக்கும். சமணர் வகுத்த 14 குணத்தானங்கள், அதாவது உயிர் ஏறிச்செல்லும் படிநிலைகள், அத்துளைகளும் இல்லாத நிலை ஒன்றை இறுதியில் காட்டுகின்றன. 13ஆம் நிலையில் கஷாயம் அற்றுவிடினும் இயக்கம் எஞ்சுவதால், வினை தொட்டு விலகிக்கொண்டிருக்கும். 14ஆம் நிலையில் இயக்கமும் நின்று ஊற்று முற்றும் ஒழியும். அந்நிலைக்குப் படகில் இணை இல்லை. கரையேறியவன் படகைத் தோளில் சுமப்பதில்லை என்பதோடு ஒப்புமை முடிகிறது.

எனினும் கரை சேராத மனிதர்க்கு உவமை போதுமானது. தீமையை நிறுத்துவது என்பது அதன் வாயில் ஒரு பூச்சைப் பூசுவதாகாது. பற்றியிருப்பதைக் கழற்றி, உள்ளே கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, உலர்த்தி, தேவையானதை மட்டும் அறிந்து மீண்டும் பதிப்பதே செறிப்பு. அதுவும் ஒருமுறை செய்து மறந்துவிடக்கூடியது அன்று. மிக நன்றாகப் பதித்த பொருத்தின் பசையும் சில ஆண்டுகளில் முதிரும். ஆகையால் நல்ல மழை பெய்த மறுநாள் உள்தட்டியைக் கழற்றி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு நட்டின் அடியையும் விரலால் தொட்டுப் பார்ப்பதைச் செப்பனிடுவோர் விடுவதில்லை.